பாயிண்ட் காட்டறதுக்கு முன்னாடி காசை வாங்கு, மாப்ளே

வேலைய உட்டுப்போட்டு சொந்தமா கன்சல்டன்ட் ஆயிட்டயாமா. நெம்ப சந்தோசம் மாப்ளே. நேத்து வரைக்கும் ‘வாடா’ன்னு கூப்பிட்ட வாயி, உன்ற விசிட்டிங் கார்டைப் பார்த்த பொறவு ‘வாங்க மாப்ள’ன்னுதான் வருது. பேருக்குக் கீழ ‘பிசினஸ் கன்சல்டன்ட்’டுன்னு தங்கக் கலருல அச்சடிச்சிருக்கற. அந்தக் கார்டு அடிச்ச பிரஸ்காரன் அட்வான்ஸ் வாங்காம மெஷினை ஓட்டியிருப்பானா? மாட்டான். ஊருக்கெல்லாம் ரோசனை சொல்லக் கெளம்பற நீ, மொதல்ல அவன்கிட்டப் போயி ஒரு மணி நேரம் ரோசனை கேட்டிருக்கலாம்.

என்னைய என்னமோ பட்டிக்காட்டான்னு நெனச்சுக்காத. நானும் உன்ற தொழில்காரன்தான். பல்லடம் சுத்துவட்டாரத்துல ஆரு போர் போட்டாலும் நீரோட்டம் பாக்க என்னையத்தான் கூப்பிடறாங்க. நீ லேப்டாப்பைத் தூக்கிட்டு பனியன் கம்பெனிக்குள்ள நடக்கற. நான் வேப்பங்கவட்டையைப் புடிச்சுட்டு காட்டுக்குள்ள நடக்கறேன். ரெண்டு பேருமே தோண்டறதுமில்ல, ஓட்டறதுமில்ல. கையை நீட்டி எடத்தைக் காட்டறோம், நீட்டின கைக்குக் காசு கேக்கறோம். உள்ளபடி சொன்னா அந்தக் குச்சி சும்மா மாப்ளே. என்ற கண்ணு பாக்கறது பக்கத்துத் தோட்டத்துக் கெணத்தையும் ஓடைச் சரிவையும், அக்கம்பக்கத்துல எத்தனை அடியில தண்ணி வந்துச்சுங்கற தாக்கலையும். உன்ற பவர்பாயிண்ட்டும் அப்படித்தானான்னு கேட்டா கோவிச்சுக்குவ. நான் கேக்கல.

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. தட்டத்துல வெத்தலை பாக்கோட பணம் வெக்காம நான் பாயிண்ட்டுல கல்லு வெச்சதில்ல. கல்லு வெக்கற வரைக்கும் தோட்டக்காரரு ‘ஐயா, மோர் குடிங்க, எளநி குடிங்க’ன்னு பின்னாடியே வருவாரு. கல்லை வெச்சுட்டா பொறவு ஆடு மேய்க்கற பையனுக்கும் அந்த எடம் தெரியும். நான் எதுக்கு? ரோசனைக்கு வெலை வாயைத் தொறக்கற வரைக்குந்தான். தொழில் தெரியாமக் கெட்ட கன்சல்டன்ட்டை நான் பார்த்ததில்ல. காசு வர்ற நாளும் காசு போற நாளும் தெரியாமக் கெட்டவனைத்தான் பார்த்திருக்கறேன்.

உன்ற கதைய நானே சொல்லட்டுமா? மொதலாளி போன் பண்ணுவாரு. ‘சும்மா வாங்க, ஒரு டீ சாப்டுட்டுப் போலாம்’னு கூப்பிடுவாரு. நீ போவ. தையல் லைனைச் சுத்திக் காட்டுவாரு. காலர் வெக்கற டெய்லர் முன்னாடி பண்டல் பண்டலா பீஸ் குமிஞ்சு கெடக்கும். அதுக்கு அடுத்த ஓவர்லாக் மெஷினுல இருக்கற அம்மிணி கையைக் கட்டிட்டு ஜன்னலைப் பார்த்துட்டு இருக்கும். உனக்கு வாயி சும்மா இருக்குமா? போர்டுல கோடு போட்டு, எந்த எடத்துல ஒரு மெஷினைச் சேத்தோணும், எந்த வேலைய ரெண்டாப் பிரிக்கோணும்னு அங்கயே சொல்லிப்போடுவ. மொதலாளி செல்போனை எடுத்து போர்டை ஒரு போட்டோ புடிச்சுக்குவாரு. ‘இதைத்தான் எங்க மேஸ்திரியும் சொல்லிட்டு இருந்தாரு’ம்பாரு. கொட்டேஷன் அனுப்பச் சொல்லுவாரு. நீயும் அனுப்புவ. அத்தோட சரி. மாப்ளே, அந்த டீக்கு நீ குடுத்த வெலை அந்த மொதலாளிக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியல.

அதனால, சுத்திப் பாக்கறதுக்கே ஒரு தொகைன்னு சொல்லு. கொறைவாவே சொல்லு, ஆனா சொல்லு. அதுக்கே கையை இழுக்கறவரு பெரிய பில்லுக்கு எங்க கையை நீட்டுவாரு? வேலை எடுத்தா மூணுல ஒரு பங்கு தொடங்கறப்போ, ஒரு பங்கு நடுவுல, மீதி கடைசி அறிக்கையைக் குடுக்கறதுக்கு மின்ன. ‘மிச்சமாகற பணத்துல உங்களுக்குப் பங்கு தர்றோம்’னு ஒருத்தரு ஆசை காட்டுவாரு. என்கிட்டயும் ‘தண்ணி வந்தா டபுளாத் தர்றேன்’னு சொல்றவங்க இருக்கறாங்க. ரெண்டு இஞ்சு தண்ணி பீச்சி அடிச்சாலும், காசு குடுக்கற அன்னைக்கு அது அரை இஞ்சாத்தான் இருக்கும். எவ்வளவு மிச்சம்னு கணக்குப் பாக்கறவரே பங்கு குடுக்கறவரா இருந்தா, அந்தப் பங்கு வேண்டாம்னு கும்பிட்டுட்டு வா.

அப்பறம் உன்ற பொண்டாட்டிகிட்ட ஒரு கணக்குச் சொன்னயாமா. நாளுக்கு 10,000 ரூவா, மாசம் 30 நாள், ஆக 3 லட்சம். பாவம், புள்ள நகைக்கடைச் சீட்டுக்கு நாள் பார்த்துட்டு இருக்குது. சரி, நான் ஒருக்கா எண்ணறேன், கேளு. ஞாயித்துக்கெழமை போச்சு. நோம்பி நொடி போச்சு. ஆள் தேடி அலைஞ்ச நாளு, கொட்டேஷன் எழுதின நாளு, ‘சார் மீட்டிங்குல இருக்கறாரு’ன்னு ரிசப்ஷன்ல உக்கார வெச்ச நாளு, பழைய பில்லுக்கு நடையா நடந்த நாளு, எல்லாம் போச்சு. மாசம் 12 நாளு பில்லு போட முடிஞ்சா நீ கெட்டிக்காரன். ஆக 1,20,000. அதுல கம்பெனிக்காரன் 10 சதவீதம் டிடிஎஸ் புடிச்சா 12,000 போச்சு. பெட்ரோலு, போனு, லேப்டாப்பு தவணை, ஆடிட்டரு, பாலிசின்னு ஒரு 30,000 வெச்சுக்க. கையில நிக்கறது 78,000. அதுவும் எல்லாரும் சொன்ன தேதிக்குக் குடுத்தா.

பழைய கம்பெனியில பிஎஃப் கணக்குக்கு உன்ற பங்கு 12 சதவீதம்னா அவங்களும் ஒரு பங்கு போட்டாங்க. அஞ்சு வருசம் தாண்டியிருந்தா வருசத்துக்கு 15 நாள் சம்பளம்னு கிராஜுவிட்டி. ஊட்டுல ஆருக்காச்சும் ஒடம்புக்கு முடியலீன்னா கம்பெனி இன்சூரன்ஸ். வேலைய உட்ட அன்னைக்கே இதெல்லாம் உன்னைய உட்டுட்டுப் போயிருச்சு. இனி நீயே மொதலாளி, நீயே தொழிலாளி. மொதலாளி பங்கையும் நீதான் சேத்து வெக்கோணும். மருத்துவ பாலிசிய ஒடம்பு நல்லா இருக்கறப்பவே எடுத்துப்போடு. ஏற்கெனவே இருக்கற சக்கரைக்கும் பிரஷருக்கும் மூணு வருசம் வரைக்கும் காத்திருன்னு சொல்ல அவங்களுக்கு எடமிருக்குது. தனியாளு எடுக்கற பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22லருந்து ஜிஎஸ்டி இல்லைங்கறது ஒரு ஆறுதல். ஆக, நாள் கூலிய எப்படி வெக்கறதுன்னா, மாசத்துக்கு வேணுங்கற மொத்தப் பணத்தை 12-ஆல வகு. 30-ஆல வகுக்கறது சம்பளக்காரன் கணக்கு.

ஜிஎஸ்டின்னு சொன்னதும் முழிக்கற பாரு. உன்ற தொழிலுக்கு 18 சதவீதம். வருச வரவு 20 லட்சத்தைத் தாண்டினா பதிஞ்சே ஆகோணும். நீ பதிஞ்சுட்டதா வெச்சுக்கலாம். ஆகஸ்ட் கடைசியில ஒரு லட்சத்துக்குப் பில்லு போடற, வரியோட 1,18,000. மொதலாளி ‘தீபாவளிக்குப் பாத்துக்கலாமுங்க’ம்பாரு. எந்த தீபாவளின்னு நீயும் கேக்கமாட்ட, அவரும் சொல்லமாட்டாரு. ஆனா மாசாமாசம் கணக்குக் குடுக்கறவனுக்கு செப்டம்பர் 20ஆம் தேதி வந்தா 18,000 சர்க்காருக்குப் போகோணும். கண்ணுல பாக்காத காசுக்குக் கைக்காசை எடுத்து வரி கட்டற. தள்ளிப்போட்டா வருசத்துக்கு 18 சதவீத வட்டி. எவனோ உனக்குக் கடன் வெச்சதுக்கு நீ வட்டி கட்டற கூத்து இந்தத் தொழிலுலதான்.

இதுக்கு மருந்து பில்லுலயில்ல, ஒப்பந்தத்துலதான் இருக்குது. எந்த வேலை முடிஞ்சா எவ்வளவு, எந்தத் தேதிக்குன்னு மொதல்லயே எழுதிக்க. பில்லு போடற நாளும் பணம் வர்ற நாளும் பக்கத்துப் பக்கத்துல உக்காரற மாதர எழுதோணும். எப்படின்னு ஆடிட்டரு சொல்லுவாரு. வந்த பணத்துல வரிப்பங்கை அன்னைக்கே தனிக் கணக்குல போட்டுரு. அது உன்ற பணமே இல்ல. அதுல சோபா வாங்கினவங்களை எனக்குத் தெரியும்.

வருமான வரியும் சம்பளக்காரனுக்குச் சத்தமில்லாமப் போகும். உனக்கு அது தேதி குறிச்சு வாசலுக்கு வரும். ஜூன் 15க்குள்ள 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள்ள 45, டிசம்பர் 15க்குள்ள 75, மார்ச் 15க்குள்ள முழுசும். புடிச்ச டிடிஎஸ்ஸைக் கழிச்சுட்டு மீதியக் கட்டினாப் போதும். ஆனா புடிச்சவன் அதை உன்ற பேருல கட்டியிருக்கறானான்னு இன்கம்டாக்ஸ் கணக்குல எட்டிப் பார்த்துக்க. ஒருசிலரு புடிக்கறதுல காட்டற சுறுசுறுப்பைக் கட்டறதுல காட்டமாட்டாங்க. வரிய மிச்சம் புடிக்கறேன்னு வருமானத்தைக் கொறைச்சுக் காட்டலாம்னு ஒருத்தன் சொல்லிக் குடுப்பான். தப்புங்கறது ஒரு பக்கம் கெடக்கட்டும். ஊடு கட்டக் கடன் கேட்டா பேங்குல உன்ற வருசாந்திரக் கணக்கைத்தான் கேப்பாங்க, சம்பளச் சீட்டா காட்டுவ? பேப்பருல ஏழையா இருந்தா கடனும் ஏழைக்கு ஏத்த கடன்தான்.

இப்ப வசூலுக்கு வருவோம். இங்கதான் உனக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்குது, அதை எடுக்கத் தெரியோணும். குறுந்தொழிலுன்னு சர்க்காரோட உத்யம் தளத்துல பதிஞ்சுக்க, காலணா செலவில்ல. வேலை புடிக்கறதுக்கு மின்னயே பதியோணும். கடன் நின்னதுக்கப்பறம் ஓடிப்போயிப் பதிஞ்சா அந்தப் பழைய கடனுக்குப் பலிக்காது. குறு சிறு தொழிலுக்கான 2006ஆம் வருசத்துச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, எழுத்துல ஒப்பந்தம் இல்லீன்னா 15 நாளு, இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக்கூடாது. இழுத்தா ரிசர்வ் பேங்க் சொல்ற வட்டியில மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் வட்டிக்கு வட்டி. இதைச் சொல்லி மொதலாளிகிட்டச் சண்டைக்குப் போயிராத மாப்ளே. சர்க்கார்கிட்டப் புகார் குடுக்க வழியிருக்குது, ஆனா குடுத்த அன்னையோட அந்தக் கம்பெனி டீ முடிஞ்சுது. அது கடைசி மருந்து.

மொத மருந்து இது: பில்லுக்குக் கீழ உத்யம் நெம்பரை நல்லாக் கண்ணுக்குத் தெரியற மாதர அச்சடிச்சுரு. வாயே தொறக்காத. 2024 ஏப்ரல் 1லருந்து, குறு சிறு தொழிலுக்குக் குடுக்கோணுங்கற பணத்தைக் கெடுவுக்குள்ள குடுக்காம வருசக் கடைசியிலயும் பாக்கி வெச்சிருந்தா, அந்தச் செலவை அந்த வருசக் கணக்குல கழிக்க முடியாது. அதுக்கும் சேத்து அவரு வரி கட்டோணும். மார்ச் மாசம் கணக்கு முடிக்கற நேரத்துல உன்ற பில்லு அவரோட ஆடிட்டரு கண்ணுல படும். அப்பறம் பாரு, எட்டு மாசமா மீட்டிங்குல இருந்த மொதலாளி அவராவே போன் பண்ணி, ‘என்னங்க தம்பி, அக்கவுண்ட் நெம்பரை அனுப்பவே இல்லீங்களே’ம்பாரு. நீயும் ‘மறந்துட்டேனுங்க’ன்னு சொல்லி அனுப்பு. மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, காசும் ஆச்சு.

ஒரே பெரிய கம்பெனிய நம்பி மத்தவங்களை உட்டுராத. திருப்பூரு பார்க்காத அடி இல்ல. 2011 ஜனவரியில ஐகோர்ட்டு உத்தரவுல நூத்துக்கணக்கான சாயப்பட்டறை ஒண்ணா மூடுச்சு. 2025 ஆகஸ்ட் 27லருந்து அமெரிக்காக்காரன் நம்ம சரக்கு மேல கூடுதல் வரிய 50 சதவீதம் ஆக்கினான். இந்த மாதர நேரத்துல மொதலாளி டெய்லரை ஒடனே நிறுத்தமாட்டாரு, திரும்ப ஆள் கெடைக்காது. கரண்ட்டு பில்லை நிறுத்த முடியாது. நூல் மில்லுக்காரனைப் பகைச்சுக்க முடியாது. ‘கன்சல்டன்ட்டைக் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிரு’ம்பாரு. நல்ல காலத்துல கடைசியாக் கூப்பிடறது உன்னைய, கெட்ட காலத்துல மொதல்ல அனுப்பறதும் உன்னைய. அதனால எந்தக் கம்பெனியிலருந்தும் உன்ற வரவுல மூணுல ஒரு பங்குக்கு மேல வராமப் பாத்துக்க. ஆறு மாசச் சோத்துக்குப் பணம் பேங்குல இல்லாம கார் மாத்தற பேச்சை எடுக்காத. கையில பணம் இருக்கறவனாலதான் கொறைச்சுக் கேக்கறவனுக்கு ‘முடியாதுங்க’ன்னு சொல்ல முடியும்.

சரி, வெய்யல் ஏறுது. நாளைக்கு அவிநாசியில ஏதோ கம்பெனிக்கு மொத நாள் வேலைக்குப் போறயாமா. அட்வான்ஸ் ஏறுச்சா? ‘வந்துரும் மாமா’ன்னு இழுக்கற இழுப்புலயே தெரியுது. ராத்திரிக்குள்ள ஏறலீன்னா காலையில காரை எடுக்காத. நேரா என்ற தோட்டத்துக்கு வந்துரு. தக்காளி பழுத்துக் கெடக்குது, பறிக்க ஆளில்ல. கூலி கொஞ்சந்தான், ஆனா பொழுது எறங்கறப்போ எண்ணி உன்ற கையில வெச்சுருவேன். டிடிஎஸ்ஸும் புடிக்கமாட்டேன், மீட்டிங்குலயும் இருக்கமாட்டேன். கோட்டு மட்டும் போட்டுட்டு வந்துராத மாப்ளே, கறை போகாது.