நடந்து போங்கள், புண்ணியம் கிடைக்கும்

ஜொகூர் மக்களுக்கு அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. பிளாஸ்டிக் பை வேண்டாம். வேண்டுமென்றால் 20 சென் கட்டு. ஏர்கானைக் குறை. ஸ்ட்ராவை மற. காரை வீட்டில் விட்டு நடந்து போ. பூமி சூடாகிறதாம். காரணம் நீங்களாம்.

அந்தக் கடைசி அறிவுரையை நம்பி ஒருநாள் புறப்பட்டுப் பாருங்கள். தாமான் குடியிருப்பின் வாசல்வரை நடைபாதை இருக்கும். அதில் பாதியை மின்கம்பம் பிடித்திருக்கும், மீதியில் யாரோ மைவி காரை நிறுத்தியிருப்பார். வாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலை. எதிர்ப்புறத்தில் கிளினிக் தெரியும். பெயர்ப்பலகையைக்கூட வாசிக்கலாம், போய்ச் சேரத்தான் முடியாது. காரில் போனால் யூ-டர்ன் அடித்து ஐந்து நிமிடம். நடந்து போனால் நேரே அவசரப் பிரிவு.

இது யாருக்கும் தெரியாமல் நடந்த பிழையல்ல. 2012ல் தோஹா பருவநிலை மாநாட்டில் உலகத்தின் முன் ஒரு திட்ட ஏடு வைக்கப்பட்டது. ஜொகூரின் இஸ்கண்டார் மலேசியா வட்டாரம் 2025க்குள் குறைந்த கார்பன் சமூகமாகிவிடும் என்றது அது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் உழைத்துத் தயாரித்த ஏடு. 12 நடவடிக்கைகள். அவற்றில் ஒன்று, நடப்பதற்கு ஏற்ற பாதுகாப்பான நகர வடிவமைப்பு. அதே 2012ல் ஜொகூர் பாருவுக்கு இன்னொன்றும் கிடைத்தது. கிழக்குப் பிரிப்புச் சாலை, 8.1 கிலோமீட்டர், காருக்கென்றே கட்டிய அதிவேகச் சாலை. ஏட்டில் நடைபாதை, ஊரில் நெடுஞ்சாலை. இரண்டுக்கும் கைதட்டல் ஒன்றுதான்.

ஏட்டின் இலக்கையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மொத்தப் புகையைக் குறைப்போம் என்று அது சொல்லவில்லை. சம்பாதிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் எவ்வளவு புகை என்பதைக் குறைப்போம் என்றது. வருமானம் வேகமாக வளர்ந்தால் போதும். புகை கூடினாலும் இலக்கு நிறைவேறிவிடும். இப்படிப்பட்ட தராசு நமக்குக் கிடைத்தால் நாமும் சாப்பிட்டுக்கொண்டே இளைக்கலாம்.

இந்தத் திட்டத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. 2013ல் தொடங்கிய ஈகோலைஃப் சேலஞ்ச். கியோட்டோவில் நடப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்ட யோசனை. பிள்ளைகள் வீட்டு மின்சாரத்தைக் கணக்கெடுத்து, மிச்சப்படுத்தி, பயிற்சி நூலில் எழுத வேண்டும். பிள்ளைகள் ஒழுங்காக எழுதினார்கள். அவர்கள் மீது ஒரு குறையும் இல்லை. ஆனால் கியோட்டோவில் ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. நாம் பயிற்சி நூலை மட்டும் இறக்குமதி செய்தோம்.

வீட்டுக் கணக்கு இருக்கட்டும். உன் கார்பன் தடம் எவ்வளவு என்று உலகத்தையே கேட்க வைத்தது யார்? பிபி. பிரிட்டனின் எண்ணெய் நிறுவனம். 2004ல் ஆளாளுக்குத் தடம் கணக்கிட ஒரு கருவியை இணையத்தில் வைத்து, ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் துணையோடு அந்தக் கேள்வியைப் பரப்பியது. தோண்டுவதும் அவன், விற்பதும் அவன். பாவம் மட்டும் வண்டியில் ஊற்றிக்கொண்டவன் தலையில்.

அந்த வித்தைக்கு ஜொகூரில் நல்ல அரங்கு இருக்கிறது. மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் பெங்கெராங். பெட்ரோனாஸும் சவூதி அராம்கோவும் சேர்ந்து வைத்திருக்கும் சுத்திகரிப்பு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாய். லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 48 மில்லியன். உங்கள் மைவியின் தொட்டி 40 லிட்டருக்கு மேல் கொள்ளாது. இருந்தாலும் குற்றவாளி நீங்கள்தான். ஸ்ட்ரா கேட்டீர்களே!

2025 செப்டம்பர் கடைசியில் புடி95 பெட்ரோல் மானியத் திட்டம் வந்தது. தொடங்கியபோது குடிமகனுக்கு மாதம் 300 லிட்டர், லிட்டர் 1.99 வெள்ளி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்த முழு ஒதுக்கீட்டையும் எரித்தால் ஆண்டுக்கு எட்டு டன்னுக்கு மேல். அரசே அளந்து, மானியம் கொடுத்து, நம் கையில் தரும் தடம் இது. மானியத்தை வெட்டு என்று நான் கேட்கவில்லை. பஸ் இல்லாத ஊரில் எண்ணெய் விலையை ஏற்றினால் முதலில் சாப்பாட்டைக் குறைப்பது ஏழைதான். ஒரு கையால் எண்ணெயை நீட்டிவிட்டு மறு கையால் விரலை நீட்டாதீர்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

கார் இல்லாத ஊர் ஒன்றைக் கட்டிக் காட்டினோமே என்று யாராவது சொல்லக்கூடும். ஆமாம், கட்டினார்கள். ஃபாரஸ்ட் சிட்டி. கேலாங் பாத்தாவுக்கு அப்பால், கடலுக்குள் மணலைக் கொட்டி எழுப்பிய காடு. 7,00,000 பேர் வாழப்போகும் பசுமை நகரம் என்றார்கள். மொத்த மதிப்பு 100 பில்லியன் அமெரிக்க டாலர் என்றார்கள். கார்களெல்லாம் அடித்தளத்தில் ஓடும், மேலே மனிதர் மட்டும் நடப்பார் என்று படம் போட்டு விற்றார்கள். 2014ல் விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு அனுமதி வருமுன்பே மணல் விழத் தொடங்கியது. பக்கத்திலேயே மெராம்போங் கடற்புல் திட்டு. கடற்பசு மேயும் இடம், தஞ்சோங் குப்பாங் மீனவர் பிழைக்கும் இடம். கார்பனைக் கடலடியில் பூட்டி வைக்கும் கடற்புல்லுக்குப் பக்கத்தில் மண்ணைக் கொட்டிவிட்டுச் சுவரில் செடி வளர்த்தார்கள். பெயர் பசுமை.

அந்தக் கார் இல்லாத நகரத்துக்கு எப்படிப் போவது? காரில்தான்! கட்டிய கண்ட்ரி கார்டன் நிறுவனம் 2023ல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் விழுந்தது. 2024ல் அதே இடம் சிறப்பு நிதி மண்டலமானது. பெரும் பணக்காரர்களின் குடும்ப முதலீட்டு அலுவலகங்களுக்கு அங்கே வரி பூஜ்யம். பையில்லாமல் கடைக்குப் போனவருக்கு 20 சென்.

ரயில் கதை இன்னும் மோசம். ஜொகூர் நீரிணைப் பாலத்தில் முதலில் ஓடியது ரயில்தான், 1923ல். சாலை 1924ல் திறந்தது. நூறு ஆண்டு கழித்துப் பார்த்தால் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் அங்கே முட்டி நிற்கின்றன. கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயில் 2021 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஓடாத அந்த ரயிலுக்காகச் சிங்கப்பூருக்கு நாம் கட்டிய இழப்பீடு 102.8 மில்லியன் சிங்கப்பூர் டாலர். இப்போது புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை ஆர்டிஎஸ் ரயில், நான்கு கிலோமீட்டர், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர். வரட்டும், வரவேற்போம். ஆனால் இறங்கிய பிறகு? மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் கூலாய்க்கும் எதில் போவது? முதலில் பிஆர்டி விரைவு பஸ் என்றார்கள். பிறகு எல்ஆர்டி இலகு ரயில். பிறகு தண்டவாளமில்லாத ஏஆர்டி. எழுத்து மாறிக்கொண்டே இருக்கிறது, பயணி நின்றுகொண்டே இருக்கிறார்.

நம் தமிழர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தொழிலாளர் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகைக்கடை எல்லாம் நடை தூரத்தில் இருந்தன. தோட்ட வாழ்க்கையை நான் மெச்சவில்லை. அடிமைத்தனத்துக்கு நடைபாதை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஆனால் தோட்டத்தை விற்று வீடமைப்பு ஆக்கியவர்கள் லயத்தோடு அந்தக் கடையையும் பள்ளியையும் சேர்த்துத்தான் பிடுங்கினார்கள். பதிலுக்கு ஊர்க்கோடியில் மலிவுவிலை அடுக்குமாடி. பிழைக்க வேண்டுமானால் வண்டி வேண்டும். வண்டிக்கு ஒன்பது வருடம் தவணை. முடியாதவருக்குக் கப்ச்சாய் மோட்டார் சைக்கிள். வண்டி ஓட்டத் தெரியாத பாட்டிக்கு, மகன் வேலை முடிந்து வரும்வரை வீட்டுக்காவல்.

மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காரைவிடக் குறைவாக எண்ணெய் குடிக்கும் வண்டி அது. குறைந்த தடம் பதித்தவனுக்கு இந்த நகரம் கொடுக்கும் பரிசு இதுதான்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் தாமானுக்கு வருவார். ஃபார்ச்சூனர் காரில் வருவார். பசுமை பற்றிப் பேசுவார். மாலை போடுங்கள், தே தாரிக் கொடுங்கள். பிறகு சாவியைப் பணிவாக வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குப் பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஓட்டுப் போடுங்கள்.