தானே பொய்லர் பூட்டல்: ஓர் உரைமரபு ஆராய்ச்சி

இலண்டன் தமிழ்க் குடும்பத் தலைவர்களிடையே வழங்கும் 'நானே பூட்டுவன்' என்னும் கோட்பாடு இதுகாறும் அறிஞர் எவராலும் ஆராயப்படாமல் கிடக்கிறது. இது பொய்லர் பழுதாகும் அன்று தோன்றுவதில்லை. அன்று தோன்றுவது சினம். பூட்டுபவர் ஒருவர் வந்து, சமையலறை அலுமாரியைத் திறந்து, உதட்டைப் பிதுக்கி, மூவாயிரம் பவுணை ஒட்டிய ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போகிறாரே, அன்றிரவு சாப்பாட்டு மேசையில்தான் அது பிறக்கிறது. ஆகவே அதன் தாயகம் பொறியியலன்று, வரவு செலவு என்பது முதற்கண் கொள்ளத்தக்கது.

ஆய்வுக்களம் ஹரோவிலுள்ள ஒரு வீடு. காலம் மார்கழி. குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணீர். தரவாளர்கள் வீட்டுக்காரர், அவர் மனைவி, சனி ஞாயிறுகளில் வந்துபோகும் அத்தான். அத்தான் ஊரில் தோட்டத்துக்கு இறைக்கும் மெஷின்கள் திருத்தியவர். ஆய்வின் எந்தக் கட்டத்திலும் இத்தகுதியை யாரும் மறக்க அவர் இடம் கொடுக்கவில்லை.

பூர்வபட்சம் அவர் வாய்மொழியாகவே கிடைக்கிறது: "உதுக்குள்ளை என்ன கிடக்கு? தண்ணி ஒரு பைப்பாலை போகுது, மற்றப் பைப்பாலை வருது. காஸுக்கு ஒரு பைப். கறண்டுக்கு ஒரு வயர். ஸ்பானர் இருந்தாக் காணும்."

சூத்திரத்துக்குரிய சுருக்கம் இதில் உண்டு. ஆனால் பைப்புக் கணக்கில் ஏடு சிதைந்திருக்கிறது. இன்றைய கொம்பி பொய்லரின் அடியில் ரேடியேற்றர்களுக்குப் போவது, திரும்பி வருவது, குளிர்நீர் வருவது, சுடுநீர் போவது, காஸ் என ஐந்து குழாய்கள் நிற்கின்றன. உள்ளே அமுக்கம் 3 பார் அளவை எட்டினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வின் குழாய் தனி. அது சுவரைத் துளைத்து வெளியே போகும். மேலே புகைபோக்கி. இவற்றோடு அடக்கமாக ஒரு பிளாஸ்டிக் குழாயும் உண்டு. அத்தான் கண்ணில் அது படவேயில்லை.

படாததுதான் பெரிய விஷயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் வீடுகளுக்குப் புதிதாகப் பூட்டும் காஸ் பொய்லர், சில விலக்குகள் போக, புகையிலுள்ள வெப்பத்தையும் பிழிந்தெடுக்கும் வகையாக இருக்கவேண்டும் என்றாயிற்று. புகை குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி தண்ணீராகும். சற்றே அமிலமான அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்குக் கொண்டுபோவது இந்தக் குழாய். மெல்லியதாக எடுத்து வீட்டுக்கு வெளியே நீளத்துக்கு ஓடவிட்டால் உறைபனி இரவில் உள்ளே கட்டிபட்டுவிடும். பொய்லர் களகளவென்று சத்தமிட்டுவிட்டு நின்றுவிடும். விடிய எழும்பி, படுக்கை உடுப்போடு வெளியே நின்று, குழாய்மேல் இளஞ்சுடுநீர் ஊற்றும் வழக்கம் இவ்வாறு வந்தது. அந்தத் தண்ணீரைக் கேத்திலில்தான் காய்ச்சவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி நூற்பா. 1998ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு விதிகளில் மூன்றாவது, இரண்டு செய்தி சொல்கிறது. வேலை தெரிந்த தகுதியாளர் அல்லாதவர் காஸில் கைவைக்கலாகாது என்பது ஒன்று. தொழிலாகச் செய்பவர் அங்கீகாரம் பெற்ற பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பது மற்றது. உரைகாரர்கள் பிரிவது இங்கேதான். "என்ரை வீட்டிலை நான் செய்யிறதுக்கு ஆரிட்டைக் காசு வாங்கப்போறன்? ரெண்டாவது எனக்கில்லை" என்பார் வீட்டுக்காரர். நுட்பமான உரை, எழுத்தளவில் எளிதில் தள்ளவும் முடியாது. அஃதேல், அவர் பூட்டலாமோ எனின், அற்றன்று. கூலி வாங்காமை தகுதி ஆகாது. முதற்பகுதி அவரை விடவில்லை.

அதையும் விட்டதாகவே கொள்வோம். பதிவு பெற்றவர் பூட்டினால் வேலை முடிந்த 30 நாளுக்குள் அறிவிக்கப்பட்டு, கட்டட விதிச் சான்றிதழ் வீடு தேடி வரும். தானே பூட்டுபவர் தொடங்குமுன்பே கட்டட விதி அதிகாரிகளுக்கு எழுதி, கட்டணம் கட்டி, பரிசோதகர் வரப் பார்த்திருக்கவேண்டும். உற்பத்தியாளர் தரும் உத்தரவாதமும் பொதுவாகப் பதிவு பெற்றவர் பூட்டிய பொய்லருக்கே. வீட்டை விற்கிற காலத்தில் வாங்குபவரின் சட்டத்தரணி கேட்கப்போவதும் அதே சான்றிதழ். மிச்சம்பிடிக்க எண்ணிய காசு இப்படி மூட்டுக்கு மூட்டு ஒழுகுகிறது.

மனைவியின் உரை மிகச் சிறியது: "இஞ்சேருங்கோ, பிள்ளையள் படுக்கிற அறை உதுக்கு நேர மேலை."

இதற்கு மறுப்புரை எதுவும் கிடைக்கவில்லை. விரித்துப் பொருள் சொல்வது மட்டும் ஆய்வாளர் கடன். தானே பூட்டுபவர் காட்டும் சான்று எப்போதும் ஒன்றே: ரேடியேற்றரைத் தொட்டோம், சுட்டது, ஆகவே சரியாகப் பூட்டியாயிற்று. தருக்க நூலார் இதை ஏதுப்போலி என்பர். பிழையாகப் பூட்டிய பொய்லரும் சுடும். புகைபோக்கியின் மூட்டு விலகியிருந்தாலும் சுடும். காற்றுப் போதாமல் எரிகையில் உண்டாகும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. கசியும் காஸையாவது மூக்கு காட்டிக்கொடுக்கும். அதற்கென்றே அதில் நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள். இதுவோ ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலையிடி, சத்தி, சோர்வு என்றவுடன் வீட்டார் காய்ச்சல் என்று எண்ணிப் போர்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். ஆகவேதான் வருபவர் குழாயைப் பூட்டிவைத்து, அமுக்கம் இறங்குகிறதா என்று மானியைப் பார்த்தபடி நிற்கிறார். புகைக்குள் அளவுகோல் நுழைத்து எண் வாசிக்கிறார். நாம் 'சும்மா நிற்கிறார்' என்று எண்ணும் அந்த நிமிடங்களுக்குத்தான் காசு.

ஸ்பானர் மதத்தாருக்கு ஒரு நட்டின் வரலாறும் சொல்லவேண்டும். 1968 மே 16 விடியற்புறம், இலண்டன் நியூஹாமில், ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் ஒரு பெண் தேத்தண்ணிக்கு நெருப்புக்குச்சி தட்டினார். கசிந்து நின்ற காஸ் வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். குச்சி தட்டியவர் பிழைத்தார். அடுப்புக்குக் காஸ் கொண்டுவந்த இணைப்பில் தரங்குறைந்த பித்தளை நட் ஒன்று இருந்ததாக விசாரணையில் தெரிந்தது. கட்டடம் திறந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. அதன் பின்னரே 1970இல் கோர்ஜி என்ற பதிவேடு வந்தது. 2009 ஏப்ரல் 1இல் அதன் இடத்துக்கு காஸ் சேஃப் வந்தது. நம் கடைகள் வரிசையாக நிற்கும் ஈஸ்ட் ஹாமும் அதே நியூஹாம்தான்.

அப்படியானால் குடும்பத் தலைவனுக்கு என்ன மிச்சம்? தண்ணீர்ப் பக்கம் மிச்சம். ரேடியேற்றர் அடியில் சுட்டு மேலே குளிர்ந்தால் உள்ளே காற்று. சாவியால் திறந்து விடலாம். விட்டபின் அமுக்கமானியை 1க்கும் 1.5க்கும் இடையில் கொண்டுவரலாம். மேலே சுட்டு அடியில் குளிர்ந்தால் இரும்பு அரித்த கறுப்புச் சேறு, கழற்றிக் கழுவலாம். அத்தான் இப்பணியில் மனநிறைவோடு இறங்கினார். மண்ணெண்ணெய் நிறத்தில் தண்ணீர் வருமென்று அவர் எதிர்பார்த்தார், வந்தது மை. வெளிர்நிறக் கார்ப்பெற் அதற்குச் சாட்சி.

கடைசியாக, விலக்கே இல்லாத விதி ஒன்று இவ்வாய்வில் உறுதிப்பட்டது. புதிதாக வருகிற குழாய்க்காரர் எவரும் முன்னவர் வேலையைக் கண்டதும் தலையை இருபுறமும் ஆட்டி, "இதை ஆர் பூட்டினது?" என்று கேட்பார். முன்னவர் பதிவு பெற்றவரானாலும் கேட்பார். தானே பூட்டியவர் அவ்வேளையில் என்ன விடை சொல்வார் என்பதற்குத் தரவு அத்தான் வீட்டுக் குளியலறையில் கிடைத்தது. பேசினுக்குக் கீழே அவர் தம் கையாலேயே போட்ட குழாயைப் பார்த்து வந்தவர் அக்கேள்வியைக் கேட்டபோது, அத்தான் கண்ணிமைக்காமல், "முந்தி இருந்தவையள்" என்றார். கட்டி முடித்த கையோடு அந்த வீட்டுக்கு முதல்முதல் குடிவந்தவர் அத்தான்தான்.