அளப்பதில் மன்னர்கள்

நிலத்தடி நீரை நிர்வகிப்பது எப்படி என்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைப் பார்த்துத்தான் உலகம் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பாலைநிலத்தில் நீரை உறிஞ்ச உறிஞ்சத் தரை இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது என்பதைச் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ராடார் செயற்கைக்கோள் சொல்லிவிடும். ஒரே இடத்தை இரண்டு காலங்களில் படம் பிடித்து, திரும்பி வரும் அலைகளை ஒப்பிட்டால் ஓரிரு சென்டிமீட்டர் இறக்கம்கூடத் தப்பாது. என்ன கூர்மை!

'இவ்வளவு பாடு எதற்கு, மோட்டாருக்கு ஒரு மீட்டர் மாட்டினால் போதாதா?' என்று நம்மைப் போன்ற பாமரர்கள் கேட்போம். அந்த மாநிலத்தின் பெரும்பாலான கிராமப்புறங்களில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. அடுத்தவர் கிணற்றை எட்டிப் பார்ப்பது மரியாதையா? ஆகாயத்திலிருந்து பார்ப்பதுதானே கண்ணியம்!

அவர்களுடைய நிதானமும் போற்றத்தக்கது. பிகாச்சோ என்ற ஊர் அருகே நிலம் வெடித்திருப்பதை 1927-லேயே கண்டார்கள். 1977-க்குள் ஈலாய் ஊர்ப் பக்கம் தரை சுமார் 12 அடி இறங்கியிருந்தது. பதற்றமே இல்லாமல் 1980-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஃபீனிக்ஸ், டூசான் போன்ற நகரப் பகுதிகளுக்கும் ஈலாய் வட்டாரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் மனிதனின் சுதந்திரத்தில் கை வைக்கவில்லை. நிலம் உன்னுடையதா, போர் போடு, ஆசை தீர இறை. பக்கத்து வீட்டுக்காரரின் கிணறு வற்றினால் அவர் இன்னும் ஆழமாகப் போட்டுக்கொள்ளட்டும். அதற்குக் காசில்லாதவர் டிரம்மில் தண்ணீர் கொண்டுவரட்டும், உடம்புக்கும் நல்லது.

விருந்தோம்பலிலும் குறை சொல்ல முடியாது. தன் நிலத்தடி நீரைக் காக்கப் பசுந்தீவனச் சாகுபடியையே பெருமளவு நிறுத்திக்கொண்ட நாடு சவுதி அரேபியா. அந்நாட்டுப் பால் நிறுவனம் ஒன்று 2014-ல் அரிசோனாவில் நிலம் வாங்கிக் குதிரைமசால் விளைவித்தது. தன் மாடுகளுக்கு அதைக் கப்பலேற்றியது. பட்லர் பள்ளத்தாக்கில் அரசு நிலமும் அதற்குக் குத்தகைக்குக் கிடைத்தது, ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 25 டாலர். தண்ணீருக்குத் தனி விலை இல்லை. 2023-ல் யாரோ வயிற்றெரிச்சலில் பேசி, அந்தக் குத்தகையை நிறுத்த வைத்துவிட்டார்கள், பாவம்.

பூமி வெடிப்புகளை வரைபடமாக்கும் பணியையும் அரசே செய்கிறது. வீடு வாங்குபவர் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சில வெடிப்புகள் மண் மூடிக் கிடந்து, ஒரு பெருமழையில் திடீரென வாய் பிளந்து, சாலையைத் துண்டாக்கிவிடும். அங்கே எச்சரிக்கைப் பலகை வைத்துவிடுகிறார்கள். பொறுப்பு என்றால் இதுதான்.

இந்தக் கதையில் நன்றி கெட்டது நிலத்தடிக் களிமண் ஒன்றுதான். நீர் வெளியேறியதும் நசுங்கிப் படிந்துவிடுகிறது. பிறகு எத்தனை மழை பெய்தாலும் பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை. நீர் நின்ற இடமும் அதோடு போய்விடுகிறது.

அதே மாநிலத்தின் வில்காக்ஸ் நிலத்தடி நீர்ப் படுகை மக்களுக்கு 2022-ல் ஒரு வாக்கெடுப்பு வந்தது. தரை இறங்கும் வரைபடங்கள் கையில் இருந்தும், கட்டுப்பாடு வேண்டாமென்று தீர்ப்பளித்து ஜனநாயகத்தின் மானத்தைக் காப்பாற்றினார்கள். அரசுக்கு அது பொறுக்கவில்லை, 2025 தொடக்கத்தில் தானாகவே அங்கே கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி புதிதாக எந்த நிலத்தையும் பாசனத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஏற்கெனவே இறைத்துக்கொண்டிருந்தவர்கள் தொடர்ந்து இறைக்கலாம்.