உதிரிபாகச் சந்தையில் அபாவம்: ஒரு தருக்க விசாரம்

உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் ஏழு பதார்த்தங்களில் அடக்கிக் காட்டும் தருக்க சங்கிரகம், திரவியம், குணம், கன்மம் முதலிய ஆறையும் சொல்லி முடித்தபின், ஏழாவதாக அபாவம் என்னும் இன்மையையும் ஒரு பதார்த்தமாகவே வைத்து எண்ணுகிறது. அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய அந்நூலைச் சிவஞான முனிவர் தமிழில் தந்திருந்தும், இல்லாத ஒன்றைப் பொருள் என்று எண்ணுவது எங்ஙனம் கூடும் என்ற ஐயம் கற்போர்க்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அதனைத் தீர்க்கத்தக்க சான்று, இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்து நியூ ஃபாரஸ்ட் கானகத்தின் ஊடே உள்ள பியூலி என்னும் சிற்றூரில், ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்து வாரக் கடைசி ஒன்றில் கூடும் பழங்கார் உதிரிபாகச் சந்தையில் தார்ப்பாயின்மேல் பரப்பிக் கிடக்கிறது என்பதும், தார்க்கிகர் ஒருவரேனும் அங்குச் சென்று பார்த்ததாகத் தெரியவில்லை என்பதுமே இவ்வாராய்ச்சி எழுந்ததற்குக் காரணம்.

சந்தையின் உற்பத்தியைச் சுருக்கமாகச் சொல்வோம். பியூலி நிலம் 1204-இல் ஜான் மன்னரால் சிஸ்டர்ஷியத் துறவிகளுக்கு மடம் அமைக்க அளிக்கப்பட்டது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த காலத்தில் இல்லறத்தார் கைக்கு மாறி, வழிவழியாக மாண்டேகு பிரபுக்களின் உடைமையாயிற்று. மூன்றாம் மாண்டேகு பிரபு, மோட்டார் வண்டிக்காகப் பிரிட்டனில் முதன்முதல் பரிந்து பேசியவர்களுள் ஒருவரான தம் தந்தையின் நினைவாக, 1952-இல் தம் மாளிகைக் கூடத்தில் சில பழைய கார்களை நிறுத்திக் காட்சிசாலை தொடங்கினார். 1967-இல் ஆட்டோஜம்பிள் என்ற பெயரால் இச்சந்தையைக் கூட்டினார். பற்றறுத்தார் வாழ்ந்த நிலத்தில், துருவேறிய சைலன்ஸர் ஒன்றின்மேலும் பற்றுவிடாதார் இன்று கூடுகின்றனர். அத்தந்தையாரைப் பற்றி நம்மவர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1915 டிசம்பரில் அவர் இந்திய அரசாங்கத்துக்கு மோட்டார் போக்குவரத்து ஆலோசகராகப் பணியாற்றக் கப்பலேறி வருகையில், ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று பெர்ஷியா என்ற அக்கப்பலை மத்தியதரைக் கடலில் மூழ்கடித்தது. அவர் பிழைத்தார், உடன் வந்த காரியதரிசி எலினார் தார்ன்டன் பிழைக்கவில்லை. ரோல்ஸ் ராய்ஸ் காரின் முகப்பில் கைகளைப் பின்வீசி நிற்கும் மங்கைக்கு மாதிரியாக இருந்தவர் அவரே என்பர்.

சந்தை கூடும் புல்வெளியில் கடைகள் ஆயிரத்துக்கு மேல். சிலவற்றுக்குக் கூடாரம் உண்டு. பலவற்றுக்குத் தார்ப்பாய் மாத்திரமே, அதுவும் மேலே அன்று, கீழே. அதன்மீது மேக்னட்டோக்களும், கண்ணிழந்த முகப்பு விளக்குகளும், தகர டப்பாவை விட்டு வெளிவராத ஸ்பார்க் பிளக்குகளும், எஸ்.யு. கார்பரேட்டர்களும் பனியில் நனைந்து கிடக்கின்றன. (காலணி வணிகக் குடும்பத்துச் சகோதரர் இருவர் கண்டுபிடித்த அக்கார்பரேட்டரில், உலோக பிஸ்டன் வருவதற்குமுன், தோலால் தைத்த துருத்தியே காற்றை அளந்து விட்டதாம், குலத்தொழிலின் வாசனை எளிதில் போவதில்லை.) ஒரு பெட்டியின்மேல், எதற்குரியவை என்று தெரியவில்லை, எது எடுத்தாலும் ஐந்து பவுண்டு என்று எழுதிய அட்டை செருகியிருக்க, அதைச் சுற்றி நின்ற கூட்டமே ஏனைக் கடைகளின் கூட்டத்தினும் பெரிதாயிருந்தது.

இனி அபாவத்தின் வகைகள். அவை நான்கு என்பது நூல் முடிபு. முதலாவது பிராகபாவம்: குடம் வனையப்படுவதற்கு முன் மண்ணிடத்துக் குடத்துக்கு உள்ள இன்மை, தொடக்கமில்லாதது, முடிவுள்ளது. ரேடியேட்டர் மூடி ஒன்றை வாங்கிக்கொண்டு, அதற்குக் கீழே அமையவேண்டிய காரை இனிமேல் சேர்த்துக்கொள்ளலாம் என்று வீடு திரும்புகிறவரிடத்தே இதனைக் காணலாம். முடிவுண்டு என்ற பகுதியை மட்டும் அவர் விஷயத்தில் நூலாசிரியர்மேல் பாரத்தைப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவது பிரத்துவம்சாபாவம்: உடைந்தபின் உண்டாகும் இன்மை, தொடக்கமுள்ளது, முடிவில்லாதது. இதற்கு உதாரணம் எம் கொட்டகையிலேயே நிற்கிறது. எம்முடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் இடப்பக்கப் பின்கதவுக் கண்ணாடி, இறக்கும்போது வயது முதிர்ந்த தாங்கியினின்று நழுவிக் கதவின் வயிற்றுக்குள் விழுந்து நொறுங்கிய கணத்தில் அவ்வபாவம் பிறந்தது. அன்றுமுதல் அவ்விடத்தை ஓர் அட்டை காத்துவருகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் கடைகடையாய் ஏறி இறங்கி விசாரித்ததற்கு, “அம்பாசிடருக்கு வேணும்னா சொல்லுங்க சார், இப்பவே கட்டித் தர்றேன்” என்பதே எங்கும் மறுமொழி.

நான்காவதாகிய அந்நியோந்நியாபாவத்தை வரிசை மாற்றி முன்னே எடுத்துக்கொள்கிறோம். இத்துறையில் பெருஞ்செல்வம் அங்கேதான் உள்ளது. குடம் ஆடை அன்று என்பது நூலார் காட்டும் உதாரணம். இந்த நட்டு அந்தப் போல்ட்டுக்குரிய நட்டு அன்று என்பது சந்தையார் காட்டும் உதாரணம். 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்பார் மரைக்கு 55 பாகைக் கோணம் விதித்து, இன்ன விட்டத்துக்கு இத்தனை சுற்று என்று நியமம் வகுத்தார். பின்னர் மரை நெருங்கிய பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு ஃபைன் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் கனடியரும் கூடி, 60 பாகையில் யூனிஃபைடு மரையை ஏற்றுக்கொண்டனர். கால் அங்குலத்தில் ஃபைன் மரைக்கு அங்குலத்துக்கு 26 சுற்று. யூனிஃபைடு மரையின் நெருங்கிய வகைக்கு 28. பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்பே. அதன் நட்டை இதன் போல்ட்டில் ஏற்றினால், முதற்சுற்றில் இது அதுவே என்ற மயக்கம் தோன்றுகிறது. அடுத்த சுற்றில் விரல் நுனியில் ஓர் இறுக்கம் தட்டுகிறது. அதற்குமேலும் ஸ்பானர் கொண்டு வற்புறுத்துவோர் மரையை அழித்து, அந்நியோந்நியாபாவத்தைப் பிரத்துவம்சாபாவமாக மாற்றிவிடுகின்றனர்.

இவ்வளவுக்கும் அடங்காத பொருளும் உண்டு. முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கிக் கம்பெனி கவென்ட்ரி நகரில் தொழிற்சாலை அமைத்தது. போர் முடிந்ததும் வேலையற்று நின்ற அதனிடம் வில்லியம் மாரிஸ் தம் காருக்கு எஞ்சின் செய்யச் சொன்னார். அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீட்டர் மரையே வெட்டும். நாட்டுப் பட்டறைகளிலோ விட்வொர்த் ஸ்பானரே உண்டு. ஆகவே உடல் ஒன்றும் தலை ஒன்றுமாய், நரசிங்கம் போல, மில்லிமீட்டர் மரையும் விட்வொர்த் தலையும் கூடிய போல்ட் அவதரித்தது. 1923-இல் மாரிஸ் அத்தொழிற்சாலையையே வாங்கிய பின்னும் அவ்வழக்கம் ஒழியாமல், இரண்டாம் போருக்குப் பின் வெளிவந்த எம்.ஜி. டி.சி. காரிலும் நீடித்தது. அப்போல்ட்டைத் தேடி வருவோரைச் சந்தையில் எளிதில் இனங்காணலாம். அவர்களையே உற்றார் மரை கழன்றவர் என்பது பொருத்தமா என்பதை வாசகர் தீர்மானிக்க.

எஞ்சிய அத்தியந்தாபாவம், காற்றில் உருவம் இல்லை என்பதுபோல் முக்காலத்தும் உள்ள இன்மை. மிக்கேலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்து, ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரால் 1959-இல் கவென்ட்ரியில் வெளிவந்த காருக்கு, அந்நாட்டில் பக்கக் கதவு என்றும் இரண்டே. சென்னையை அடுத்த வண்டலூரில் அதனைச் செய்துவந்த ஸ்டாண்டர்டு கம்பெனியார், நம் குடும்பங்களின் பரிமாணத்தை உத்தேசித்துப் போலும், பின்னாளில் நான்கு கதவு வைத்தார்கள். வேறெந்த நாட்டிலும் அவ்வாறு செய்யப்படவில்லை. எனவே புதுப்பேட்டையில் பிரத்துவம்சாபாவமாய் நின்ற அதே கண்ணாடி, பியூலியில் அத்தியந்தாபாவமாகிறது. ஒரே பொருளின் இன்மை தேசபேதத்தால் வகைமாறும் என்ற இவ்வுண்மையைப் பழைய உரைகாரர் எவரும் தொடவில்லை என்பதைப் பணிவுடன் சுட்டுகிறோம்.

இல்லையென்று தெரிந்த பொருளைத் தேடி ஏழு கடல் தாண்டுவானேன் என்பது எம் துணைவியார் எழுப்பிய பூர்வபட்சம். அதற்கு விடை: இன்மையைக் காட்சியாலேயே அறியலாம் என்பர் நையாயிகர், அநுபலப்தி என்னும் தனிப் பிரமாணம் வேண்டும் என்பர் பாட்ட மீமாம்சகர், எக்கட்சிக்காரராயினும், பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டேயிருக்கும் என்று சொல்லத்தக்க நிலையில்தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும் என்பதில் பேதமில்லை. இருட்டறையில் குடம் தென்படாமை குடமின்மை ஆகாது. ஆகவே ஒவ்வொரு கடையிலும், மேசைமேல் உள்ளதோடு நில்லாது கீழே உள்ள பெட்டியையும், அப்பெட்டிக்கு அடியில் உள்ள பெட்டியையும் திறந்து பார்ப்பது, அவர் கருதுவதுபோல் பொழுதுபோக்கு அன்று, பிரமாண சுத்தி.

சப்தப் பிரமாணத்தையும் விட்டோமில்லை. ஹெரால்டு சாமான்கள் மட்டுமே வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் நான்கு கதவுக் காரின் பின்கண்ணாடி உண்டா என்று கேட்டோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “அப்படியொரு கார் கிடையாது ஐயா, நான் ஐம்பது வருஷமாக இதே தொழில்” என்றார். எம் காரின் புகைப்படத்தை எடுத்து நீட்டினோம். நெடுநேரம் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரரைக் கூவி அழைத்தார், இருவருமாகக் கதவுகளை விரல்விட்டு எண்ணினர். முடிவில் அவர் அழுக்கேறிய குறிப்புப் புத்தகம் ஒன்றைத் திறந்து, தமக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஹெரால்டு பின்கதவு நான்கு என்று எழுதிக்கொண்டார். யாம் கொண்டுசென்ற அபாவம் எம்மிடம் குறையாமலே அவரிடமும் உண்டாயிற்று. அபாவம் ஒரு பதார்த்தமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவார்க்கு யாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

வாசகர்க்கு ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டில் எவர் வீட்டுப் பரணிலாவது, கொட்டகையிலாவது, நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்கதவுக் கண்ணாடி இருக்குமாயின், கீறல் விழுந்திருந்தாலும் பாதகமில்லை, பத்திரிகை அலுவலகத்தின் மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். இடப்பக்கத்துக்கு உரியதுதானா என்பதைக் கதவில் வைத்துப் பார்த்து எழுதவும். வலப்பக்கத்தது எம்மிடம் நன்றாகவே இருக்கிறது.