குளத்துக்கு வயதுச் சான்றிதழ் வேண்டி

பெறுநர்: இந்தியத் தொல்லியல் துறை மேலதிகாரிகள்
பொருள்: தேரூர், சுசீந்திரம் குளங்கள் பழையவைதானா எனத் தெரிவிக்கக் கோருதல்
பார்வை: 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு (நடவடிக்கை நிலுவையில்)

ஐயா,

வட்டக்கோட்டையை நீங்கள் பாதுகாக்கும் அழகைப் பார்த்து மனம் நிறைந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கோட்டைச் சுவரை வந்து மோதும் கடலும் உங்களிடம் தடையில்லாச் சான்று வாங்கியிருக்கும் என்றே நம்புகிறேன்.

என் சந்தேகம் குளத்தைப் பற்றி. 1958-ஆம் வருஷச் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கட்டுமானத்துக்கு நூறு வயதானால் போதுமாம். 1906-இல் முடித்த பேச்சிப்பாறை அணையே அதில் பாஸ். எங்கள் குளங்களோ அணைக்கு ஆயிரம் வருஷம் மூத்தவை. பசுங்குளம், பெருங்குளம், இலஞ்சிக்குளம் என்று செப்பேடு பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. 2022-இல் எங்கள் குளங்களை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தபோது இந்தச் செப்பேட்டுச் சேதியும் சுவிட்சர்லாந்துவரை போய்விட்டது. நாகர்கோவிலுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை போலும்.

பாதுகாப்புக்குக் குறைவென்று சொல்லமாட்டேன். சுமார் 250 இனப் பறவைகளுக்கு வனத்துறை இருக்கிறது. தண்ணீர் நீர்வளத்துறைக்கு. தாணுமாலயன் கோயில் அறநிலையத்துறைக்கு. சுசீந்திரம் குளத்தை ஊடறுத்துப் போகும் ரோடு நெடுஞ்சாலைக்காரர்களுக்கு. மீன் குத்தகைக்காரருக்கு. கரை? கரை ஜேசிபிக்கு.

தூர்வார வரும் ஜேசிபிக்கு வண்டல் தெரியும், வட்டெழுத்து தெரியாது. பழைய மடைக்கல் ஒன்று வாளியில் ஏறினால் அதுவும் ஒரு லோடு. எஸ்டிமேட்டில் மண்ணுக்குக் கனமீட்டர் கணக்கு உண்டு, டீசலுக்கு உண்டு. கல்லில் எழுத்து இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் ஆளுக்குக் கூலி உண்டா? தெரிந்தால் சொல்லுங்கள், நானே வருகிறேன், அரைச் சம்பளம் போதும்.

1876-இல் தேரூரில் பிறந்த கவிமணி கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடி அலைந்தவர். மருமக்கள்வழி மான்மியம் எழுதிய கை அது. இன்று இருந்திருந்தால் இந்த மனுவைப் பாட்டாகவே தந்திருப்பார். உங்களுக்கு இன்னும் சங்கடமாகியிருக்கும்.

ஒரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். குளத்தைச் சின்னமாக அறிவித்தால் நூறு மீட்டருக்குள் இருக்கும் நாங்கள் மாடியெடுக்க முடியாது. கோயில் தெருவே உங்கள் ஆபீசில் வரிசை நிற்கும். அதனால் ஊரிலும் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். உங்கள் நிம்மதிக்கு எங்களிடமிருந்து பங்கம் வராது. அந்தப் பெரிய பாதுகாப்பு வேண்டாம். ஜேசிபி இறங்கும் முன் உங்கள் ஆள் ஒருவர் கரையை ஒரு சுற்று நடந்து பார்த்து, மடைகளையும் கற்களையும் படமெடுத்து, நீர்வளத்துறைக்கு ஒரு பட்டியல் கொடுத்தால் போதும்.

சித்திரையில் தண்ணீர் இறங்கிக் கிடக்கும். பேச்சிப்பாறையை வழக்கமாக ஜூன் 1-இல் திறப்பார்கள், குளத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் வந்தால் மடை பார்க்கலாம். பிந்தினால் தாமரை பார்க்கலாம். அதற்கு உங்கள் துறை வேண்டாம்.

இப்படிக்கு,
குளக்கரைவாசி