லேபிளை வெட்டச் சொன்ன சாமி

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியனை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கழுத்தில் இருக்கும் லேபிள் பாதி வெட்டப்பட்டிருக்கும். கப்பல் ஏறப் பிறந்த சரக்கு, ஏதோ காரணத்தால் ஏறவில்லை. அதே துணி, அதே தையல். பெயர் போனதும் விலை தரைக்கு வந்துவிடும். துணியைவிட லேபிளுக்குத்தான் மதிப்பு என்பது திருப்பூர்க்காரனுக்குத் தாய்ப்பாலோடு வந்த ஞானம். ஆனால் இதைக் கண்டுபிடித்தது நாமல்ல. சாமி புத்தகம் போட்டவர்கள்.

நம்ம ஊர் பெரிய எக்ஸ்போர்ட்டர் யாரிடமாவது 'கோட்டா' என்று சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு வரும். 2004 டிசம்பர் வரைக்கும் வெள்ளைக்கார நாடுகளுக்கு இத்தனை பீஸ்தான் போகலாம் என்று கணக்கு இருந்தது. கையில் கோட்டா இருந்தவர் ஒரு பவர் டேபிள்கூட ஓட்டாமல் அதையே விற்றுச் சம்பாதித்த காலம் அது. ஐரோப்பிய அரசுகள் அச்சுத் தொழிலில் கொடுத்ததும் அதே கோட்டாதான். 1469ல் வெனிஸ் அரசு, ஸ்பெயர் ஊர் யோகான் என்பவருக்கு அஞ்சு வருஷ ஏகபோகம் தந்தது. ஊரில் அவர் மட்டும்தான் அச்சடிக்கலாம். மனுஷன் மறுவருஷமே போய்ச் சேர்ந்தார், கோட்டாவும் அவரோடு போனது.

லண்டனில் ராபர்ட் பார்க்கருக்கு அதைவிடப் பெரிய கோட்டா. அவர் ராஜாவின் அச்சுக்காரர், பைபிளை மற்றவன் தொடக்கூடாது. போட்டி இல்லாத கம்பெனியில் செக்கிங் எப்படி இருக்கும்? 1631ல் அவர் போட்ட பைபிளில், விபசாரம் கூடாது என்கிற கட்டளையில் அந்தக் 'கூடாது' மட்டும் விழுந்துவிட்டது! கடவுளே கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்த மாதிரி ஆயிற்று. 300 பவுன் அபராதம். நம்ம ஊரில் ஒரு பட்டன் குறைந்தால் பையர் டெபிட் போடுவார், அங்கே ஒரே ஒரு சொல்லுக்கு. பார்க்கரின் கடைசிக் காலம் கடன்காரர் சிறையில் கழிந்தது.

சரி, நம்ம பக்கம் வருவோம்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இளவயதில் என்ன செய்தார் தெரியுமா? பைபிள் தைத்தார்! பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் இருந்து, தமிழ் பைபிளைச் செப்பனிட்டுக் கொடுத்தார். தையல் நாவலர், லேபிள் பெர்சிவல். ஜாப் ஒர்க் என்றால் இதுதான். அங்கே தொழில் கற்றவர், 1849ல் சென்னையில் சொந்தமாக அச்சு இயந்திரம் வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார். அப்புறம் அதே பாதிரிமார்களுக்கு எதிராகச் சைவப் புத்தகங்களாக அடித்துத் தள்ளினார். கட்டிங் மாஸ்டர் தனிக் கம்பெனி ஆரம்பித்தால் பழைய முதலாளிக்கு எப்படி இருக்குமோ, அப்படி.

இன்னொரு பக்கம் சிவனடியார் ராமலிங்கம். பாட்டு எழுதுவார், எழுதி அப்படியே வைத்துவிடுவார். அச்சுக்குக் கொடுங்கள் என்று அன்பர்கள் கெஞ்சுகிறார்கள், அசையவில்லை. 1860ல் இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். பாட்டுகள் கைக்கு வரும்வரை ஒரு வேளைச் சாப்பாடுதான்! யாரிடம் பட்டினி காட்டுகிறோம் என்பதைத் தெரிந்து காட்டிய மனிதர். ஊரார் பசியைக் கண்டாலே உருகுகிறவர் ஆயிற்றே, சரி என்றார். கூடவே ஒரு நிபந்தனை. 'இராமலிங்கசாமி' என்று போடக்கூடாது, அந்தப் பெயர் ஆரவாரமாக இருக்கிறதாம். லேபிளை ஒட்டச் சொல்லிச் சண்டை போடும் உலகத்தில், வெட்டச் சொன்ன ஒரே பார்ட்டி.

1867ல் சீடர் தொழுவூர் வேலாயுத முதலியார் புத்தகத்தைக் கொண்டுவந்தார். சாமி என்று போடவில்லை. அதற்குப் பதிலாக நூலுக்குத் 'திருவருட்பா' என்று பெயர் சூட்டி, 'திருமுறை' என்றும் பிரித்துவிட்டார். தேவாரம் திருவாசகம் முதலானவற்றுக்குப் பன்னிரண்டு திருமுறை என்று பல நூற்றாண்டாக ஓடும் பிராண்ட் அது.

நாவலருக்குக் கோபம் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வந்தது. போலி! டூப்ளிகேட்! கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1847லேயே காப்புரிமைச் சட்டம் போட்டிருந்தது. ஆனால் 'என் பாட்டைத் திருடினான்' என்பது அல்ல வழக்கு, 'என் சாமியின் லேபிளை ஒட்டினான்' என்பதுதான். அந்தச் சட்டத்தில் சிவபெருமானுக்குப் பத்தி கிடையாது.

1869ல் மஞ்சக்குப்பம் கோர்ட். அங்கேயும் பாட்டு விசாரணைக்கு வரவில்லை. சிதம்பரம் கோயிலில் ராமலிங்கரும் தீட்சிதர்களும் கூட்டம் போட்டுத் தன்னை ஏசினார்கள் என்பது நாவலரின் புகார். ராமலிங்கர் நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்று பக்தர்கள் சொல்லும் காட்சி, இடைவேளைக்கு முன்னால் வைக்க வேண்டிய சீன். கோர்ட் தீர்ப்பு அவ்வளவு பிரமாதமில்லை. ஒரு தீட்சிதருக்கு 50 ரூபாய் அபராதம், ராமலிங்கர் விடுதலை.

முதலாளிகள் இரண்டு பேரும் போன பிறகும் ரசிகர் மன்றங்கள் ஓயவில்லை. அருட்பாவா மருட்பாவா என்று அடுத்த தலைமுறை 1904 வரை கோர்ட்டுக்கு நடந்தது. நாவலர் வழியில் கதிரைவேற்பிள்ளை, எதிரே மறைமலையடிகள். நடுவில் அருட்பாவுக்காக மேடையேறி வெளுத்து வாங்கியவர் யார்? கோட்டாறு செய்குத்தம்பி பாவலர், முஸ்லிம். சைவர்களுக்குள் சண்டை, சாட்சிக்குப் பக்கத்து வீட்டு பாய்.

முதல் பதிப்பின் முகப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. வேலாயுத முதலியார் அதில் 'திருவருட்பிரகாச வள்ளலாரென்னும் சிதம்பரம் இராமலிங்க பிள்ளை' என்று அச்சடித்து நீட்டினாராம். சாமிக்கே சம்மதிக்காதவர் வள்ளலாருக்குச் சம்மதிப்பாரா? முகம் சுருங்கியது. முதலியார் பெரிய புலவர், அசரவில்லை. "ஐயா, சரியாகப் பிரித்துப் படியுங்கள். வள்ளல், ஆர் என்னும் ராமலிங்கம். வள்ளல் யார் என்று கேட்கிற ராமலிங்கம் என்றுதானே போட்டிருக்கிறேன்?"

லேபிள் அப்படியே இருந்தது.