காருக்கு இலவச கோட்டிங்

எதிர்வீட்டு கேட்டுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால், தெருவில் நிற்கும் கார்களுக்கும் இலவசமாக ஒரு கோட் உண்டு. காற்று வீசும் திசையைப் பொறுத்தது யோகம். அதுவும் கறுப்புக் கார், வெள்ளை பெயிண்ட் என்றால் பொருத்தம் அமோகம். பானெட்டைத் தடவினால் பெயிண்ட் புள்ளிகள் கையில் சொரசொரவென்று தட்டும்.

"தொடைச்சா போயிடும் சார்" என்பார் பெயிண்டர். எதை வைத்துத் துடைப்பது? தின்னராம். புள்ளி கரையும், உண்மைதான். கூடவே கார் பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டும் மங்கும். அந்தக் கோட்டின் கனமே சுமார் 40, 50 மைக்ரான். அதன்மீதுதான் தெரு நிபுணர்கள் பிளேடும் பாத்திரம் தேய்க்கும் நாருமாகப் படையெடுக்கிறார்கள். ஒருவர் பெட்ரோல் என்பார், அடுத்தவர் மண்ணெண்ணெய் என்பார். கார் யாருடையது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

முறையான வைத்தியம் கிளே பார் என்ற பிசுபிசுப்பான கட்டி. காரைக் கழுவி, ஷாம்பு தண்ணீரைத் தெளித்து வழுக்கலாக்கி, அழுத்தாமல் தேய்த்தால் புள்ளிகள் கட்டியோடு வந்துவிடும். கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மண் ஒட்டிய பிறகு அது உப்புத்தாள். போடுவோமா? காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! ஊதிவிட்டு மறுபடி தேய்ப்போம்.

தெறித்தது சுவர் எமல்ஷனாக இருந்தால் காய்வதற்குள் ஈரத்துணியே போதும். இந்தப் பாடெல்லாம் வராமல் தடுக்கக் காரோடு வாங்கிய கவர் டிக்கியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. வெளியே எடுத்தால் அழுக்காகிவிடுமாம்.